பிரஷர் பம்ப் வாங்கும் முன் ஒரு லெவல் ட்யூப் வாங்குங்கள்

கோவையில் வீட்டு பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். “மேல பாத்ரூம்ல தண்ணி சன்னமா வருதுங்க, பிரஷரே இல்ல, ஒரு பம்ப் மாட்டிக் குடுத்துருங்க” என்று வரும் போன்தான் இப்போது அதிகம். பம்ப் மாட்டினால் எனக்குக் கூலி, கடைக்காரருக்கு வியாபாரம். ஆனால் நான் போய்ப் பார்க்கிற பல வீடுகளில் பிரஷர் இருக்கும். அது குழாய் வாய்க்கு வந்து சேர்கிற வழியில்தான் கோளாறு இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பம்பை மாட்டினால் கொஞ்ச காலம் தண்ணீர் நன்றாக வரும். அடைப்பு வளர வளர மறுபடியும் சன்னமாகும், கரண்ட் பில்லும் கூடியிருக்கும். அதனால் பம்ப் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன். பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப், ஒரு பக்கெட், கடிகாரம் இருந்தால் போதும்.

பிரஷர் எங்கிருந்து வருகிறது

மொட்டை மாடித் தொட்டியில் நிற்கும் தண்ணீரின் எடைதான் பிரஷர். ஆனால் மொத்த எடை இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் அகலத்தில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது சரியாக ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. அதனால்தான் 10 மீட்டர் உயரத் தண்ணீரை ‘ஒரு கிலோ பிரஷர்’ என்கிறோம்.

இதில் தொட்டியின் கொள்ளளவு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 500 லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் 2000 லிட்டர் டேங்க் வைத்தால் பிரஷர் கூடும் என்று நம்பிப் பணம் செலவழித்தவர்கள் நிறையப் பேர். இரண்டிலும் தண்ணீர் மட்டம் ஒரே உயரம் என்றால் பிரஷரும் ஒன்றேதான். சைமன் ஸ்டீவின் என்ற டச்சுப் பொறியாளர் 1586-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். பாத்திரம் எந்த வடிவமாகவும் இருக்கட்டும், அடியில் விழும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் உயரம்தான்.

ஒரு அடி உயரத்துக்கு 0.43 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு எடை என்று சொல்லும் அளவு). இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். கீழ்த்தளம், முதல் தளம் உள்ள சாதாரண வீடு என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் 10 அடி, மொட்டை மாடியில் 4 அடி உயரத் திண்டின் மேல் தொட்டி. முதல் மாடி ஷவர் தரையிலிருந்து 7 அடியில் இருக்கிறது. தொட்டியின் அடிமட்டம் அந்த ஷவருக்கு மேலே 7 அடிதான். அப்படியென்றால் 3 பிஎஸ்ஐ. கீழ்த்தளத்து ஷவருக்கு 17 அடி, 7 பிஎஸ்ஐக்குச் சற்று மேல். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். ஆனால் மேலே குளிப்பவருக்குக் கிடைப்பது கீழே குளிப்பவருக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மாடியில் தண்ணீர் வேகமாக வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர்.

கடையில் ஷவர், வாஷிங் மெஷின், கீசர் வாங்கும்போது அட்டையில் குறைந்தபட்ச பிரஷர் என்று ஒரு எண் இருக்கும். ஒரு கம்பெனி பாரில் போடும், இன்னொன்று மெகா பாஸ்கலில் போடும். 1 பார் என்பது 0.1 மெகா பாஸ்கல், 100 கிலோ பாஸ்கல், 14.5 பிஎஸ்ஐ. தண்ணீர் உயரமாகச் சொன்னால் 33 அடிக்குச் சற்று மேல். அட்டையில் 0.5 பார் என்று போட்டிருந்தால் தொட்டித் தண்ணீர் அந்த ஷவருக்கு மேலே 17 அடியாவது இருக்க வேண்டும். மேல்மாடியில் 7 அடியை வைத்துக்கொண்டு அகலமான ரெயின் ஷவர் வாங்கினால் அது சொட்டத்தான் செய்யும். தொட்டி உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

இந்த அடிக்கணக்கு கைவந்துவிட்டால் வீட்டில் மற்ற பிரஷர்களும் புரியும். குக்கர் வெயிட் தூக்கி விசில் அடிப்பது சுமார் ஒரு கிலோ பிரஷரில். அதாவது தலைக்கு மேலே 10 மீட்டரில் தொட்டி இருப்பதற்குச் சமம். கார் டயரில் பிடிக்கிற 32 பிஎஸ்ஐ என்பது 22 மீட்டர் தண்ணீர், ஏழு மாடி உயரம். பிபி 120 என்று டாக்டர் எழுதுவது 120 மில்லிமீட்டர் பாதரசம். தண்ணீரில் அது 163 சென்டிமீட்டர், 5 அடி 4 அங்குலம்.

ட்யூபை மாட்டிப் பார்ப்பது

அரை இஞ்ச் பைப் வாயில் இறுக்கமாக ஏறுகிற ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப் ஹார்டுவேர் கடையில் அடிக்கணக்கில் கிடைக்கும். மேல்மாடி பாத்ரூம் குழாயிலிருந்து வென்டிலேட்டர் வழியாக மொட்டை மாடித் தொட்டியின் மேல் விளிம்புவரை எட்டுகிற நீளம் வாங்குங்கள். ஒரு முனையைக் குழாய் வாயில் சொருகி கிளிப் போட்டு முறுக்குங்கள். மறு முனையை மேலே கொண்டுபோய்த் தொட்டியை ஒட்டி நேராகப் பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். முனை திறந்தே இருக்க வேண்டும், விரலால் மூடக் கூடாது.

இப்போது வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ட்யூப் மாட்டிய குழாயை மட்டும் மெதுவாகத் திறங்கள். முதலில் குமிழ் குமிழாகக் காற்று ஓடும். பிறகு தண்ணீர் ஏறும். மேலே போனதும் ஒரு கணம் மட்டத்தைத் தாண்டிப் போய், கீழே இறங்கி, ஏறி, இறங்கி, ஆட்டம் குறைந்து ஒரே இடத்தில் நிற்கும். உள்ளே குமிழ் ஒட்டியிருந்தால் ட்யூபை விரலால் தட்டிவிடுங்கள். நிற்கிற இடத்துக்கு நேராகத் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். அதே மட்டத்தில் தொட்டித் தண்ணீர் இருக்கும். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டம் இல்லாதபோது உங்கள் வீட்டில் இருக்கிற முழு பிரஷர் அந்தக் கோடுதான். கோட்டுக்கும் குழாய்க்கும் உள்ள உயரத்தை அடியில் அளந்து 0.43-ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ. ஐந்து நிமிடம் காத்திருந்தும் தண்ணீர் தொட்டி மட்டத்துக்கு வரவில்லை என்றால் இரண்டே காரணம். எங்கோ ஒரு குழாய் திறந்திருக்கிறது (கக்கூஸ் ஃபிளஷ் டேங்க் நிரம்பிக்கொண்டிருக்கலாம், பாருங்கள்), அல்லது லைனில் காற்று பிடித்திருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியம். கீழே இருப்பவரை அதே பாத்ரூமில் வாஷ் பேசின் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். ட்யூபில் மட்டம் இறங்கும். அரை அடி இறங்கினால் லைன் நன்றாக இருக்கிறது. மூன்று நான்கு அடி இறங்கினால், தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் அந்த மூன்று நான்கு அடி பிரஷரை உங்கள் பைப்பும் வால்வும் தின்றுவிடுகிறது என்று பொருள். கண்ணுக்கே தெரியாமல் ட்யூபுக்குள் கீழே போய்விட்டால் பெரிய அடைப்பு இருக்கிறது. இன்னொரு குழாயையும் திறக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். வீட்டுக்காரர் தன் கண்ணால் இந்த மட்டம் சரிவதைப் பார்த்துவிட்டால், அதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. பூட்டிய குழாயில் இருப்பது ஒன்று, ஓடும்போது கையில் கிடைப்பது வேறு. பிரஷர் காட்டும் கேஜ் வாங்கி மாட்டினாலும் இதேதான் காட்டும். ஆனால் முள் நகர்வதைவிடத் தண்ணீர் இறங்குவது யாருக்கும் புரியும்.

ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்ததும் இப்படி ஒரு குழாயை நிறுத்தித்தான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றதாக 1733-இல் வெளியிட்டார். உயரம்தான் பிரஷர் என்பது உடம்புக்கும் பொருந்தும். பிபி பார்க்கும்போது கை நெஞ்சு மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் மெஷின் சுமார் 7 கூட்டிக் காட்டும். எங்கம்மாவுக்கு வீட்டில் பார்க்கும்போது மேசை மேல் தலையணை வைத்து, கையை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்துதான் பட்டையைக் கட்டுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பக்கெட் கணக்கு

பிரஷருக்கு ட்யூப், வரத்துக்கு பக்கெட். 15 லிட்டர் பக்கெட்டை வைத்துக் குழாயை முழுசாகத் திறந்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர். குளிக்க 8 முதல் 10 லிட்டர் இருந்தாலே தாராளம். பாத்ரூம், சமையலறை, தோட்டத்துக் குழாய் என்று ஒவ்வொன்றிலும் பார்த்து சுவரிலேயே பென்சிலால் எழுதுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு ஒரு தடவை. ட்யூபும் பக்கெட்டும் சேர்ந்து கோளாறு எங்கே என்று சொல்லிவிடும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது

ஒரே ஒரு குழாயில் மட்டும் சன்னமாக வந்தால் தொட்டி பக்கமே போக வேண்டாம். குழாய் வாயில் இருக்கும் வலையைக் கழற்றுங்கள். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் வலை பல வருஷம் புதிதுபோல இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் வெள்ளையாக உப்புக் கட்டி அடைத்திருக்கும். வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும். ஷவர் தலைக்கும் இதேதான். அப்படியும் வரவில்லை என்றால் சுவரில் உள்ள சின்ன வால்வை (ஆங்கிள் காக்) பாருங்கள். பாதி மூடியிருக்கும், அல்லது டெஃப்லான் டேப் துண்டு உள்ளே போய்ச் சிக்கியிருக்கும். சுடுதண்ணி மட்டும் வரவில்லை என்றால் கீசருக்குப் போகிற கனெக்‌ஷன் ட்யூப், அதன் வாயில் உள்ள வால்வு, இந்த இரண்டிலும்தான் உப்பு பிடித்திருக்கும்.

வீடு முழுக்கச் சன்னம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட் வால்வை. பழைய பித்தளை கேட் வால்வில் மேலே கைப்பிடி நன்றாகச் சுற்றும், முழுசாகத் திறந்ததுபோலவே தெரியும். உள்ளே இருக்கும் தகடு மட்டும் தண்டிலிருந்து கழன்று வழியில் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வால்வுக்கு முன்னும் பின்னும் பக்கெட் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மாற்றும்போது ஃபுல் போர் பால் வால்வு போடுங்கள். துளை பைப்பின் அளவுக்கே இருக்கும், கைப்பிடி நிற்கிற திசையைப் பார்த்தே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியும்.

புஸ் புஸ் என்று விட்டு விட்டு வந்தால் காற்று. கைப்பிடிச் சுவருக்கு மேலே பைப்பை ஏற்றி, மறுபக்கம் இறக்கியிருப்பார்கள். அந்த மேட்டில் காற்று தங்கிவிடும், மேலே 5 அடி பிரஷரை வைத்துக்கொண்டு அதைத் தள்ள முடியாது. மோட்டார் நேர் லைனிலிருந்து ஹோஸ் போட்டு, சன்னமாக வருகிற குழாய்க்குள் தண்ணீரைப் பின்பக்கமாகத் தள்ளுங்கள். தொட்டிக்குள் குமிழ் வந்து நின்றதும் காற்று போய்விட்டது. ஆனால் மேடு இருக்கும்வரை திரும்பவும் பிடிக்கும். மேட்டை எடுத்துவிட்டுச் சரிவாகப் பைப் போடுவதும், இறங்குகிற லைனில் T வடிவ ஜாயின்ட் ஒன்று வைத்துத் தொட்டியின் முழு மட்டத்தைவிட ஓரிரு அடி உயரமாக ஏர் பைப் விடுவதும்தான் நிரந்தர வழி.

ஒரு குழாய் திறந்தால் நன்றாக வருகிறது, இரண்டாவதைத் திறந்ததும் முதலாவது செத்துவிடுகிறது என்றால் பைப் அளவு பத்தவில்லை. காசை மிச்சம் பிடிக்கத் தொட்டியிலிருந்தே அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் இறக்கியிருப்பார்கள். ஒரு இஞ்ச் பைப்பை அரை இஞ்ச் ஆக்கினால் பாதித் தண்ணீர் வரும் என்று தோன்றும். துளையின் பரப்பே கால் பங்காகிவிடுகிறது. அதோடு பக்கச் சுவரின் உராய்வும் சேர்வதால், அதே உயரத்துக்கு வரத்து ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். தொட்டியிலிருந்து ஒன்றேகால் அல்லது ஒன்றரை இஞ்ச், பாத்ரூம்வரை ஒரு இஞ்ச், உள்ளே முக்கால், குழாய் வாயில் மட்டும் அரை. புது வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதில் கை வைக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு மாற்றுவதற்கு ஆகும் செலவு பைப் வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருந்தால் வெட்டிப் பாருங்கள். துரு பிடித்து, ஒரு இஞ்ச் பைப்புக்குள் சுண்டுவிரல் நுழையும் துளைதான் மிச்சம் இருக்கும்.

இத்தனையும் சரி, ட்யூபில் மட்டம் இறங்கவும் இல்லை, ஆனாலும் மேல்மாடியில் வேகம் இல்லை, தொட்டி பாதியானால் இன்னும் மோசம். அப்போதுதான் உண்மையிலேயே பிரஷர் குறைவு, உயரம் வேண்டும். தொட்டியை 5 அடி தூக்கினால் 2 பிஎஸ்ஐ கூடும். 7 அடி இருந்த இடத்தில் 12 அடி என்பது நல்ல முன்னேற்றம். கரண்ட் தேவையில்லை, பழுது கிடையாது. ஆனால் 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். தூணுக்கும் பீமுக்கும் மேலே எடை இறங்க வேண்டும், நினைத்த இடத்தில் செங்கல் அடுக்கக் கூடாது. இன்ஜினியரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் தொட்டி என்றால் அடிப்பாகம் முழுக்கத் தளத்தில் உட்கார வேண்டும். இடைவெளி விட்ட ஆங்கிள் ஸ்டாண்டில் வைத்தால் அடி பிதுங்கி விரியும்.

பம்ப்தான் என்று முடிவானால்

அரை எச்பி, ஒன்று முதல் இரண்டு பார் கொடுப்பது வீட்டுக்குப் போதும். தொட்டியை ஒட்டி, அதன் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். பக்கத்தில் ஒரு பைபாஸ் லைன் போட்டு அதில் தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு வையுங்கள். கரண்ட் இல்லாதபோதும் தொட்டித் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். பம்புக்கு அடுத்த பக்கத்தில் ஏர் பைப் இருந்தால் பம்ப் ஓடியதும் அதன் வழியாக மொட்டை மாடியில் தண்ணீர் கொட்டும். அதைப் பம்புக்கு முன்பக்கம் மாற்றுங்கள்.

சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ள வீடுகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். பிரஷர் தாங்காத சாதாரண வகைத் தொட்டி என்றால் பம்ப் லைனை அதில் சேர்க்கவே கூடாது. அந்தத் தொட்டி மேலே இருக்கும் தண்ணீரின் எடைக்காகச் செய்தது. பம்ப் போட்டால் வெல்டிங் விட்டுவிடும். சுடுதண்ணீரோடு விடும்.

கார்ப்பரேஷன் குடிநீர் லைனில் மோட்டாரை நேராக மாட்டி உறிஞ்சச் சொல்லி யார் கேட்டாலும் நான் செய்வதில்லை. சட்டப்படி தப்பு, மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள் என்பது ஒரு பக்கம். தெருவுக்கு அடியில் ஓடும் பைப்பில் எங்கெங்கோ சின்னச் சின்ன ஒழுக்கு இருக்கும். உள்ளே பிரஷர் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். மோட்டார் உறிஞ்சும்போது உள்ளே பிரஷர் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிடும். அதே ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். தெருவில் கடைசி வீட்டுக் குழந்தைக்கு வருகிற டைபாய்டுக்கும் மஞ்சள் காமாலைக்கும் இது காரணமாகலாம். தண்ணீர் தானாகச் சம்ப்பில் (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில்) விழட்டும், சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு மேலே ஏற்றுங்கள்.

பிரஷர் அதிகமாக இருக்கும் வீடு

அடுக்குமாடியில் கதை மாறும். 12 மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு 36 மீட்டர் தண்ணீர், மூன்றரை பார். அங்கே குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் ‘டொம்’ என்று சத்தம் கேட்கும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை இரும்புப் பைப்பில் ஒரே அடியாக நிறுத்தினால், ஒரு கணத்துக்கு 10 பாருக்கு மேல் பிரஷர் எகிறும். ஜாயின்ட் விடுவதும் கனெக்‌ஷன் ட்யூப் வெடிப்பதும் இதனால்தான். வீட்டுக்குள் வரும் லைனில் பிரஷர் குறைக்கும் வால்வு ஒன்று போட்டு 2 பாரில் செட் பண்ணுங்கள். கீசர் வாங்கும்போது 8 பார் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

கீசரின் சேஃப்டி வால்விலிருந்து சுடவைக்கும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதைப் பார்த்து, ஒழுகுகிறது என்று அடைக்கச் சொல்லுவார்கள். அடைக்காதீர்கள். 25 லிட்டர் தண்ணீர் சூடேறும்போது அரை லிட்டர் அளவுக்கு விரியும். போக வழி இல்லையென்றால் டேங்க்தான் தாங்க வேண்டும். அந்த வாயில் ஒரு சிறு ட்யூபை மாட்டி, மறுமுனையைத் திறந்தபடியே தரைச் சல்லடைக்கு விட்டுவிடுங்கள். வால்வில் சின்னக் கைப்பிடி இருந்தால், கீசர் ஆறியிருக்கும்போது அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வந்தால் வால்வு வேலை செய்கிறது. வரவில்லை என்றால் உப்பு பிடித்து இறுகிவிட்டது. வேறு வால்வு மாட்டும்வரை கீசர் சுவிட்சைப் போடாதீர்கள்.